குளிர்கால விடுமுறையில் ஒரு பாடம்: கம்யூனிட்டி காலேஜ் குறுங்கால வகுப்புக்கு முழு வழிகாட்டி

டிசம்பர் நடுவில் ஒரு செமஸ்டர் முடிகிறது. அடுத்தது ஜனவரி மூன்றாம் வாரம்தான் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து வாரத்தில் அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (பட்டத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) ஒரு பாடத்தை முடித்துவிட்டால், பட்டத்துக்கு வேண்டிய மூன்று கிரெடிட் குறைந்த செலவில் கைக்கு வரும். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் போடும் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் இதில் சறுக்குகிறவர்கள் பாடம் கடினம் என்பதால் சறுக்குவதைவிட, வகுப்பில் சேர்வதற்கு முன்பே செய்த பிழையால் சறுக்குவதுதான் அதிகம். எடுத்த பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லாமல் போகும், அல்லது வகுப்பு முடிவதற்குள் சொந்தக் கல்லூரி திறந்துவிடும், அல்லது ஊருக்கு டிக்கெட் எடுத்த வாரத்தில் தேர்வு வந்து நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சேர்வதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

முதலில் நாட்காட்டி

‘விண்டர் செஷன்’, ‘இன்டர்செஷன்’, ‘விண்டர்மெஸ்டர்’, ‘மினிமெஸ்டர்’ என்று கல்லூரிக்கு ஒரு பெயர் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் பாருங்கள். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் முடியும் மூன்று வார வகுப்பு. டெக்சாஸ் கல்லூரிகளில் பெரும்பாலும் இதுதான். அநேகமாக முழுக்க இணையவழியில் நடக்கும். சொந்தப் பல்கலைக்கழகம் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்பது இதன் நல்ல பக்கம். மூச்சுவிட நேரம் இருக்காது என்பது மறுபக்கம்.

இரண்டாம் வகை, ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும் ஐந்து அல்லது ஆறு வார வகுப்பு. சான்டா மோனிகா காலேஜ் போன்ற பல கலிபோர்னியா கல்லூரிகளில் இந்த ஏற்பாடு. அந்தக் கல்லூரிகளின் சொந்த மாணவர்களுக்கு இது பொருத்தம், ஏனென்றால் அங்கே ஸ்பிரிங் செமஸ்டர் பிப்ரவரியில்தான் தொடங்கும். வேறு இடத்தில் படிப்பவர்களுக்கு இது பொறி. பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகங்களில் இளநிலைப் படிப்பு செமஸ்டரைவிடக் குறுகிய குவார்ட்டர் பருவங்களில் நடக்கிறது. அவர்களுடைய விண்டர் குவார்ட்டர் ஜனவரி முதல் வாரமே தொடங்கிவிடும். கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகங்களிலும் ஜனவரி பின்பாதியில் வகுப்பு தொடங்கும். ஆக, ஆறு வார வகுப்பின் கடைசி மூன்று வாரமாவது சொந்தக் கல்லூரியின் வகுப்போடு மோதும். இறுதித் தேர்வு விழுவதும் அந்த மூன்று வாரத்தில்தான்.

பள்ளியில் படித்துக்கொண்டே டூயல் என்ரோல்மென்ட்டில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்: பள்ளி ஜனவரி முதல் வாரத்திலேயே திறந்துவிடும். நேரலை வகுப்பு பகலில் இருந்தால் முடியாது. நேரம் குறிக்காத இணைய வகுப்பாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மணிக்கணக்கு

பாடம் குறுகியது, ஆகவே எளியது என்ற எண்ணம்தான் முதலில் ஒழிய வேண்டியது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி உழைப்பு, இப்படி ஏறத்தாழ 15 வாரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 135 மணி நேரம். கலிபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) 48 முதல் 54 மணி என்று கணக்கு வைப்பதால் அது 144 முதல் 162 வரை போகும். வகுப்பை மூன்று வாரத்தில் நடத்தினாலும் இந்த மணிக்கணக்கு குறையாது.

மூன்று வாரத்துக்கு இதைப் பிரித்துப் பாருங்கள். மொத்தம் 20 நாள் என்று வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் கழித்தால் 18 நாள். 135-ஐ 18-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏழரை மணி. சனி, ஞாயிறும் இதில் அடக்கம். ஆறு வார வகுப்பு என்றால் வாரத்துக்கு 24 முதல் 27 மணி. நேரடி வகுப்பாக இருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை தினமும் சுமார் இரண்டே கால் மணி நேரம் வகுப்பிலேயே போய்விடும்.

வேறு மாதிரிச் சொன்னால், மூன்று வார வகுப்பில் ஒரு வேலைநாள் என்பது சாதாரண செமஸ்டரில் ஒரு வாரம். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் இரண்டு வாரப் பாடம் போயிற்று. கடைகளில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் இங்கே கூடுதலாக யோசிக்க வேண்டும். டிசம்பர் பின்பாதிதான் கடைகளில் ஷிஃப்ட் மிகுந்த காலம். வாரத்துக்கு 30 மணி வேலை பார்த்துக்கொண்டு மூன்று வார வகுப்பை முடிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கிரெடிட் செல்லுமா?

இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். “கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட் எல்லா இடத்திலும் செல்லும்” என்பது பாதி உண்மை. கிரெடிட் வரும், ஆனால் வெறும் எலெக்டிவாக, அதாவது விருப்பப்பாடக் கணக்கில் வரும். உங்களுக்குத் தேவைப்பட்ட இடம் காலியாகவே இருக்கும்.

கலிபோர்னியாவில் அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற இணையதளம்தான் அதிகாரபூர்வமான இடம். கம்யூனிட்டி காலேஜ் பெயர், யூசி அல்லது கால் ஸ்டேட் வளாகத்தின் பெயர், கல்வியாண்டு மூன்றையும் கொடுத்து, உங்கள் மேஜரின் (முதன்மைப் பாடத்தின்) ஒப்பந்தத்தைத் திறங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான கல்லூரிப் பாடம். ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்றிருந்தால் அந்தக் கல்லூரியில் ஈடு இல்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருக்கலாம், அதையும் தேடுங்கள். இரண்டு பாடங்களை ஒரே அடைப்புக்குள் ‘ஆண்ட்’ போட்டு இணைத்திருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஈடு கிடைக்கும். கால்குலஸ், இயற்பியல், உயிரியல் வரிசைகளில் இது சகஜம். விடுமுறையில் ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் போனால் கையில் ஒன்றுமே நிற்காமல் போகலாம். பொதுக்கல்விப் பிரிவுக்கு 2025 ஃபால் (இலையுதிர்காலப் பருவம்) முதல் ‘கால்-கெட்சி’ என்ற ஒரே வரிசை வந்திருக்கிறது. அதற்கு முன் படிக்கத் தொடங்கியவர்கள் பழைய வரிசையில் தொடரலாமா என்று கவுன்சலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யூசி, லோயர் டிவிஷன் (முதல் இரண்டாண்டு நிலை) டிரான்ஸ்ஃபர் கிரெடிட்டில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் எடுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். செமஸ்டர் யூனிட் மூன்று, குவார்ட்டர் கணக்கில் நாலரை.

டெக்சாஸில் வேலை இன்னும் சுலபம். அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பாட எண் முறை உண்டு. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் நிலை, இரண்டாவது கிரெடிட். ஹிஸ்டரி 1301 என்றால் முதலாண்டு நிலை, மூன்று கிரெடிட். பயாலஜி 1406 என்றால் நான்கு கிரெடிட், அதாவது ஆய்வகத்தோடு. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் வாங்க 6 கிரெடிட் அமெரிக்க வரலாறும் 6 கிரெடிட் அரசியலமைப்பும் கட்டாயம். ஆகவே ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 ஆகிய நான்கையும்தான் விண்டர் வகுப்பில் வழக்கமாக எடுப்பார்கள். கவர்ன்மென்ட் 2306 டெக்சாஸ் மாநில அரசைப் பற்றியது. அதை வேறு மாநிலக் கல்லூரியில் எடுக்க வழியில்லை.

மற்ற மாநிலங்களிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இத்தனை தெளிவு கிடைக்காது. அங்கே முன் அனுமதிப் படிவம் ஒன்று இருக்கும். ‘டிரான்சியன்ட் ஸ்டூடன்ட்’, ‘விசிட்டிங் ஸ்டூடன்ட்’ போன்ற பெயர்களில் தேடுங்கள். பாடத்தின் எண், கிரெடிட், முந்தைய செமஸ்டரின் சிலபஸ் மூன்றையும் இணைத்து நவம்பர் தொடக்கத்திலேயே உங்கள் பல்கலைக்கழக ரெஜிஸ்ட்ராருக்கு (பதிவாளருக்கு) அனுப்புங்கள். கவுன்சலர் வாய்மொழியாகத் தலையாட்டினால் போதாது. பதில் மின்னஞ்சலாக வர வேண்டும், அதில் பாட எண் இருக்க வேண்டும்.

அந்த மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை நான்கு. இந்தப் பாடம் எங்கள் எந்தப் பாடத்துக்கு ஈடு? குறைந்தபட்ச கிரேடு என்ன? (பெரும்பாலும் சி. சில மேஜர்களில் பி.) பாஸ்/நோ பாஸ் முறையில் எடுத்தால் ஏற்பீர்களா? கடைசியாக எடுக்க வேண்டிய கிரெடிட்டுகளை இங்கேயேதான் எடுக்க வேண்டும் என்ற விதி என்னைப் பாதிக்குமா? நான்காவது கேள்வியை மறந்துவிட்டுக் கடைசி ஆண்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

கிரேடு பற்றி ஒரு தெளிவு. வெளியிலிருந்து வரும் கிரெடிட் பட்டத்தில் சேரும். அந்த கிரேடு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) சேராது. ஜிபிஏவைத் தூக்க நினைத்து விண்டர் வகுப்பு எடுப்பது அதனால் வீண். ஆனால் கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்கிரிப்ட் (எடுத்த பாடங்கள், கிரேடுகளின் பதிவு) அழியாது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஏஎம்கேஸ் முறையில், பள்ளிக் காலத்து டூயல் என்ரோல்மென்ட் உட்பட எந்தக் கல்லூரியில் எடுத்த பாடமாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும், கிரேடும் கணக்கில் வரும். டாக்டராக நினைக்கும் பிள்ளை வேதியியலை மூன்று வாரத்தில் அடைத்து முடிக்க வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

எந்தப் பாடம்

படித்து, எழுதி, தேர்வு கொடுத்தால் முடியும் பாடம் சுருக்கத்தைத் தாங்கும். அரசியலமைப்பு, அமெரிக்க வரலாறு, சமூகவியல், அறிமுக உளவியல், கலை வரலாறு, உடல்நலக் கல்வி இவையெல்லாம் அப்படி. பேச்சுக்கலை வகுப்பு ஆறு வாரத்தில் நன்றாகவே போகும். மூன்று வாரத்தில், பார்வையாளரைக் கூட்டி வைத்து வீடியோ எடுக்கும் வேலை நெருக்கும்.

புள்ளியியல் நடுத்தரம். கணக்கில் கை ஓடுகிறவர்களுக்கு ஆறு வாரம் போதும். ஆனால் பாதியில் வரும் சாம்ப்ளிங் டிஸ்ட்ரிப்யூஷன், ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் இரண்டும் மனசில் ஊறினால்தான் விளங்கும். ஊறுவதற்கான நாட்கள் இங்கே கிடையாது.

கால்குலஸ் இரண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், நிரலாக்கத்தின் முதல் பாடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நேற்றுப் படித்ததன் மேல்தான் இன்றைய பாடம் நிற்கிறது என்றால் ஒரு நாள் விழுந்தாலும் எழ முடியாது. அதைவிட முக்கியம், அடுத்த செமஸ்டரில் இவற்றின் மேல் வேறு பாடம் உட்கார்ந்திருக்கிறது. இங்கே சி வாங்கித் தப்பித்தாலும் அங்கே கடன் திரும்பி வரும்.

ஒன்று போதும். விண்டரில் இரண்டு பாடம் எடுக்கக் கல்லூரி அனுமதித்தாலும் எடுக்காதீர்கள்.

சேர்க்கை

வேலையைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். டிசம்பர் நடுவில் வகுப்பு என்றால் அக்டோபர் கடைசியில் தொடங்க வேண்டும். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், அந்த வாரம் எந்த அலுவலகமும் பதில் சொல்லாது.

விண்ணப்பம் இலவசம், அரை மணி நேர வேலை. கலிபோர்னியாவில் சிசிசி அப்ளை, டெக்சாஸில் அப்ளை டெக்சாஸ் அல்லது கல்லூரியின் சொந்தப் படிவம். மாணவர் எண் சில நாளில் வரும் என்று போட்டிருப்பார்கள். கலிபோர்னியாவில் போலி விண்ணப்பங்கள் பெருகியிருப்பதால் அடையாளச் சரிபார்ப்பில் சிக்கினால் நாட்கள் நீளும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் விண்ணப்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம்மவர்களுக்குத் தந்தை பெயர் ஓரிடத்தில் இனிஷியலாகவும் ஓரிடத்தில் கடைசிப் பெயராகவும் இருப்பது வழக்கம். டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேரும்போது பெயர் பொருந்தாமல் கிடப்பில் விழுவது இதனால்தான்.

முன்தேவை உள்ள பாடமாக இருந்தால், அதை முடித்ததற்குச் சான்றாக டிரான்ஸ்கிரிப்டைப் பதிவேற்றி ‘ப்ரீரெக்விசிட் கிளியரன்ஸ்’ வாங்க வேண்டும். இது ஒரு மனிதர் பார்த்துச் செய்யும் வேலை, இரண்டு வாரம் ஒதுக்குங்கள். டெக்சாஸில் 22 வயதுக்குக் குறைந்த புதிய மாணவர்கள், வகுப்பு தொடங்க 10 நாளுக்கு முன்பே மெனிஞ்சைடிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இணையவழி மட்டும் எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைக் கணினியில் குறித்தால்தான் பதிவுத் தடை நீங்கும்.

இடம் நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்டில் சேருங்கள். குறுங்கால வகுப்பில் அது வேகமாக நகரும். இடம் கிடைத்ததாக வரும் மின்னஞ்சலுக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த மின்னஞ்சல் வருவது கல்லூரி கொடுத்த புதிய முகவரிக்கு. நீங்கள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். சேர்ந்த அன்றே அதை உங்கள் போனில் போட்டுவையுங்கள். கலிபோர்னியாவில் வகுப்பு தொடங்கிய பிறகு ஆசிரியர் தரும் ‘ஆட் கோட்’ (வகுப்பில் சேர்வதற்கான குறியீடு) கடைசி வாய்ப்பு. முதல் நாள் காலையிலேயே அவருக்கு எழுதுங்கள்.

பணம்

கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012 கோடையிலிருந்து மாறவில்லை. மூன்று யூனிட்டுக்கு 138, கூடவே உடல்நலக் கட்டணம் போன்ற சில்லறைகள். மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். அந்த விலையில் லாபம் பெரிதாக இல்லை, உங்கள் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மற்ற மாநிலங்கள் பலவற்றில் மாவட்டத்துக்குள், மாவட்டத்துக்கு வெளியே, மாநிலத்துக்கு வெளியே என்று மூன்று விலை இருக்கும். பக்கத்து மாவட்டக் கல்லூரி அருகில் இருந்தாலும் விலை கூடும்.

விண்டருக்குத் தனியாக உதவித்தொகை வருமா என்பது கல்லூரி அந்தப் பருவத்தை ஃபாலோடு சேர்க்கிறதா ஸ்பிரிங்கோடு சேர்க்கிறதா என்பதைப் பொறுத்தது. சொந்தப் பல்கலைக்கழகத்தில் பெல் கிராண்ட் (கூட்டாட்சி அரசின் உதவித்தொகை) வாங்குகிறவர் ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் வாங்க முடியாது, உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்கணக்கில் ஒரு நுணுக்கம்: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் வகுப்புக்கு டிசம்பரிலேயே பணம் கட்டினால், கட்டிய ஆண்டின் கல்விச் செலவாகக் காட்டலாம். எஃப்-1 மாணவர் விசாவில் நான்ரெசிடென்ட்டாக (வரிக்கணக்கில் வெளிநாட்டவராக) வரி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

விசா

எச்-4ல் (எச் வகை வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர் படிக்கத் தனி அனுமதியோ ஐ-20யோ (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) தேவையில்லை. கட்டணத்துக்கான வசிப்பிட நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சான்றுகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

எஃப்-1ல் இருப்பவர், ஐ-20 கொடுத்த கல்லூரியின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் விவகார அலுவலர்) முதலில் எழுத்தில் கேளுங்கள். விடுமுறையில் முழுநேரம் படிக்கும் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் அந்தப் பாடத்தை வழக்கமான பருவத்தின் முழுநேரக் கணக்கில் சேர்க்க நினைத்தால், ஒரு பருவத்துக்கு இணையவழியில் ஒரு வகுப்பு அல்லது 3 கிரெடிட் வரைதான் எண்ணப்படும் என்ற விதி குறுக்கே வரும். பி-2 விசாவில் பார்க்க வந்திருக்கும் உறவினர் கிரெடிட் வகுப்பில் சேரக் கூடாது.

வகுப்புக்கு முந்தைய வாரம்

புத்தகம் எது என்று கல்லூரிப் புத்தகக்கடைப் பக்கத்தில் பாருங்கள். கலிபோர்னியாவில் வகுப்பு அட்டவணையிலேயே ‘ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்’ என்று வடிகட்டித் தேடலாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளத்தின் புத்தகம் என்றால் இலவசமாக இறக்கி அன்றைக்கே முதல் இரண்டு அத்தியாயம் படிக்கத் தொடங்கலாம்.

ஆக்சஸ் கோட் (இணையப் பயிற்சித் தளத்துக்குள் நுழையப் பணம் கொடுத்து வாங்கும் குறியீடு) தேவைப்படும் பாடத்தில்தான் ஆபத்து. மைலேப், வெப்அசைன் போன்ற தளங்கள் இரண்டு வாரம் தற்காலிகமாக இலவசம் தரும். செமஸ்டரில் அது போதுமான அவகாசம். மூன்று வார வகுப்பில் அது முடிவது கடைசி வாரத் தொடக்கத்தில், அதாவது கல்லூரியும் புத்தகக்கடையும் உதவி மையமும் மூடிக் கிடக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இடைவெளியில். முதல் நாளே பணம் கட்டி வாங்குங்கள். பழைய கோட், மலிவுக் கோட் என்று தெரியாத இணையதளத்தில் வாங்கினால் வேலை செய்யாதபோது கேட்க ஆள் இருக்காது.

சிலபஸ் வந்ததும் எல்லாக் கெடுவையும் ஒரே தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். கேன்வாஸ் (கல்லூரியின் இணைய வகுப்புத் தளம்) காட்டும் பட்டியலை நம்பியிருக்க வேண்டாம். ஆசிரியர் இன்னும் திறக்காத பகுதியின் வேலை அதில் தெரியாது.

ஊருக்குப் போகிறீர்களா?

டிசம்பரில் சென்னைக்கோ கொழும்புக்கோ போகும் குடும்பங்கள் பல. இணைய வகுப்புதானே, அங்கிருந்து முடிக்கலாம் என்று தோன்றும். முடியும், ஆனால் நான்கு இடத்தில் இடறும்.

நேரம். கெடு கல்லூரி இருக்கும் ஊரின் நேரப்படி இரவு 11:59. குளிர்காலத்தில் கலிபோர்னியா நேரம் நமக்குப் பதின்மூன்றரை மணி பின்னால் இருப்பதால், அந்தக் கெடு சென்னையில் மறுநாள் பகல் 1:29. டெக்சாஸ் கல்லூரி என்றால் காலை 11:29, நியூ ஜெர்சி என்றால் காலை 10:29. இரவெல்லாம் கூடுதலாகக் கிடைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்தக் காலை நேரத்தில்தான் வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள். நேரலை வகுப்பு கலிபோர்னியாவில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 11:30.

இரண்டாவது, உள்நுழைவு. கல்லூரிக் கணக்கில் நுழைய அமெரிக்க போனுக்கு ஒரு குறியீடு வரும். விமானம் ஏறியதும் அந்த சிம் செத்துவிடும். கிளம்பும் முன்பே குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து சோதித்துக்கொள்ளுங்கள். பலர் தேர்வன்று காலையில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள், அப்போது கல்லூரியின் உதவி எண்ணில் யாரும் இல்லை.

மூன்றாவது, கண்காணிப்புத் தேர்வு. லாக்டவுன் பிரவுசர், புரொக்டோரியோ, ஆனர்லாக் இவற்றுக்கு மடிக்கணினியும் கேமராவும் வேண்டும், போன் செல்லாது. தேர்வு முடியும் வரை அறையில் வேறு யாரும் வரக் கூடாது. கூட்டுக்குடும்ப வீட்டில் ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்தி வைப்பது நினைப்பதைவிடக் கடினம். மின்தடைக்கு முன்னேற்பாடாக மடிக்கணினி முழுச் சார்ஜிலும் பக்கத்தில் போன் ஹாட்ஸ்பாட்டும் இருக்கட்டும். பயிற்சித் தேர்வு ஒன்று வைத்திருப்பார்கள், அதை அங்கே போய் இறங்கிய அன்றே எழுதிப் பாருங்கள்.

நான்காவது, பயண நாள். வாசலிலிருந்து வாசல் வரை 30 மணி நேரம் என்றால் மூன்று வார வகுப்பில் அது சாதாரண செமஸ்டரின் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பாடம். முதல் இரண்டு நாளில் பயணம் வைக்கவே கூடாது. ஏன் என்பது அடுத்து.

வகுப்பு நடக்கும் நாட்கள்

முதல் நாள் உள்ளே நுழைந்து அறிமுகப் பதிவை எழுதி, சிலபஸ் வினாடிவினாவை முடித்தாக வேண்டும். செய்யாதவரை ‘நோ ஷோ’ என்று நீக்கிவிடும் ஆசிரியர்கள் அதிகம். வெயிட்லிஸ்டில் ஆள் காத்திருப்பதால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள்.

மூன்று வார அரசியலமைப்பு வகுப்பில் ஒரு நாள் இப்படி அமைந்தால் தாங்கும். காலை இரண்டு மணி நேரம் ஒரு அத்தியாயம், முப்பது பக்கம் அளவு, புத்தகத்தை மூடி வைத்து அரைப்பக்கக் குறிப்பு. பிறகு ஒன்றரை மணி காணொளிப் பாடம். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி எழுத்து வேலை: விவாதப் பதிவோ கட்டுரையின் ஒரு பகுதியோ. மாலை ஒரு மணி வினாடிவினா, அதில் தவறியவற்றைத் திரும்பப் பார்ப்பது. இரவு ஒரு மணி நேற்றைய, முந்தாநாளைய குறிப்புகளைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது. முதலில் வெட்டத் தோன்றுவது இந்தக் கடைசி ஒரு மணி. அதை வெட்டினால் இறுதித் தேர்வுக்கு முந்தைய நாள் பதினைந்து அத்தியாயமும் புதிதாகத் தெரியும்.

விவாதப் பதிவில் கவனம் வையுங்கள். உங்கள் பதிவுக்கு ஒரு கெடு, மற்றவர்களுக்குப் பதில் எழுத இன்னொரு கெடு என்று இரண்டு இருக்கும், இடையே ஒன்றிரண்டு நாள்தான். இரண்டாவதைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்ட வழியே இல்லை, எல்லோரும் அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார்கள். கட்டுரை கேட்டிருந்தால் முதல் வாரமே தலைப்பை முடிவு செய்துவிடுங்கள். நூலகத்தின் மின்தரவுத்தளம் விடுமுறையிலும் இயங்கும், நூலகர் இருக்க மாட்டார்.

ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் பாட எண்ணையும் எந்த வேலை என்பதையும் தலைப்பிலேயே போடுங்கள். பதில் வர ஒரு நாள் ஆனாலும் அது உங்களுக்கு ஒரு வாரம் தள்ளிப்போன மாதிரி, ஆகவே சந்தேகத்தைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கேளுங்கள்.

விலகுவதற்கும் கெடு உண்டு

கலிபோர்னியாவில் குறுங்கால வகுப்புக்குக் கட்டணம் திரும்ப வேண்டுமானால் வகுப்புக் காலத்தின் முதல் 10 சதவீதத்துக்குள் விலக வேண்டும். ஆறு வார வகுப்பில் அது இரண்டு மூன்று வகுப்புநாள். டிரான்ஸ்கிரிப்டில் தடயமில்லாமல் விலக 20 சதவீதத்துக்கு முன். டபிள்யூ கிரேடோடு (விலகியதைக் காட்டும் குறி) விலக 75 சதவீதம் வரை. அதற்குப் பிறகு வாங்கின கிரேடு நிலைத்துவிடும். மூன்று வார வகுப்பில் பணம் திரும்பும் கெடு முதல் நாளோடு முடிவதும் உண்டு. இந்தத் தேதிகள் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி, உங்கள் வகுப்பின் எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஆசிரியர் விலக்குவார் என்று விட்டுவிட்டால் எஃப் வந்து நிற்கும், விலகுவது உங்கள் வேலை.

முதல் தேர்வின் மதிப்பெண் வந்த அன்று முடிவெடுங்கள். 65-க்குக் கீழே இருந்து, காரணம் நேரமின்மை என்றால், வரும் நாட்களில் நேரம் கூடப் போவதில்லை. டபிள்யூ ஒன்று இருப்பதால் பெரிய கேடில்லை. பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும் ‘லேட் ஸ்டார்ட்’ எட்டு வார வகுப்பு அதே பாடத்துக்குப் பல கல்லூரிகளில் உண்டு.

முடிந்த பிறகு

டிரான்ஸ்கிரிப்ட் தானாகப் போகாது. நீங்கள்தான் ஆர்டர் செய்ய வேண்டும். செய்யும்போது ‘ஹோல்ட் ஃபார் கிரேட்ஸ்’ என்ற இடத்தில் குறியிடுங்கள். இல்லாவிட்டால் விண்டர் பாடம் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற நிலையிலேயே டிரான்ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும், திரும்பவும் பணம் கட்ட வேண்டும். இந்தப் பாடம் ஸ்பிரிங்கில் எடுக்கப்போகும் பாடத்துக்கு முன்தேவை என்றால், கிரேடு வரும் முன்பே அந்த ஸ்பிரிங் வகுப்பிலிருந்து கணினி உங்களைக் கழற்றிவிடலாம். சேர்ந்ததற்கான சான்றைத் துறை அலுவலகத்துக்கு முன்பே அனுப்பி வையுங்கள். யூசிக்கு டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போட்டிருப்பவர்கள் ஜனவரி 31க்குள் டிரான்ஸ்ஃபர் அகடமிக் அப்டேட்டில் விண்டர் பாடத்தையும் சேர்க்க வேண்டும்.

நான்கு வாரம் கழித்து உங்கள் டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியல்) திறந்து பாருங்கள். பாடம் தேவையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, வெறும் எலெக்டிவ் வரிசையில் கிடக்கிறதா? எலெக்டிவில் கிடந்தால் நவம்பரில் வாங்கி வைத்த மின்னஞ்சலையும் சிலபஸையும் இணைத்துத் திருத்தக் கோருங்கள். இதற்காகவே, வகுப்பு முடியும் முன் சிலபஸ், வாராந்திர அட்டவணை, எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்த பிறகு கேன்வாஸில் அந்த வகுப்பின் பக்கம் மூடப்பட்டுவிடலாம்.